மணிக்கட்டில் அழைப்பது யார்?

விடியற்காலை. சுபுஹ் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன. படுத்திருப்பவரின் இடது மணிக்கட்டில் ஒரு சின்ன அதிர்வு. சத்தமே இல்லை, பக்கத்தில் தூங்கும் குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. அவர் மட்டும் எழுந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்து, பள்ளிவாசலில் வரிசையோடு நின்று, தொழுகையைத் தொடங்கும் தக்பீர் கட்டுகிறார். வலது உள்ளங்கை இடது மணிக்கட்டின்மேல் அமர்கிறது. இமாம் ஓதத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்த உள்ளங்கைக்கு அடியில் மறுபடியும் அதே அதிர்வு. இந்த முறை வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. அவர் குனிந்து பார்க்கவில்லை. ஆனால் ‘என்னவாக இருக்கும்’ என்று மனம் ஒரு கணம் வெளியே போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது.

தொழுகைக்கு எழுப்பியதும் அந்தக் கருவிதான். தொழுகையிலிருந்து இழுத்ததும் அதுவேதான்.

ஸ்மார்ட்வாட்ச் கட்டலாமா, பழைய முள் வாட்ச்சே போதுமா என்று கேட்பவர்களுக்குக் கடைக்காரர் விலையையும் பேட்டரியையும் சொல்வார். அவையும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் அந்த உள்ளங்கைக்கு அடியில் நடந்ததற்கு விலைப் பட்டியலில் பதில் இல்லை. ஒரு மனிதன் யாருடைய அழைப்புக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான் என்பது அங்கே எழும் கேள்வி. அது சமயங்கள் மிகப் பழங்காலத்திலிருந்தே கேட்டுவரும் கேள்வி.

முள் வாட்ச் கேட்டால் மட்டும் பதில் சொல்லும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நிறுவனமான எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் ‘ஜனதா’ சாவி கொடுக்கும் வாட்ச். காலையில் அதைக் கையில் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகைப் பிடித்துச் சுற்றுவார்கள். உள்ளே சுருள்வில் இறுக இறுக விரல் நுனியில் அது தெரியும். இதற்குமேல் வேண்டாம் என்று விரலே நிறுத்திக்கொள்ளும். மறந்துபோனால் மறுநாள் வாட்ச் நின்றிருக்கும். 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை கட்டி, குவார்ட்ஸ் வாட்ச்சை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் வந்ததும் சாவி கொடுக்கும் வேலை போயிற்று. ஆனாலும் வாட்ச்சின் குணம் மாறவில்லை. பார்த்தால் மணி காட்டும். பார்க்காவிட்டால் பேசாமல் இருக்கும். அலாரம் வைத்த டிஜிட்டல் வாட்ச்கூட, வைத்தவர் குறித்த நேரத்துக்கு மட்டுமே கூவியது.

ஸ்மார்ட்வாட்ச் இந்த உறவைத் திருப்பிப் போட்டது. அது கேட்காமலே பேசும்.

இதைச் சொன்னவுடன் ‘அதுதான் அதன் குற்றம்’ என்று முடித்துவிடத் தோன்றும். வரலாறு அவ்வளவு எளிதாக விடாது. எந்திரக் கடிகாரம் பிறந்ததிலேயே அழைப்புக்குப் பங்கு உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின்படி வாழ்ந்த துறவிகள் பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் ஜெபத்துக்குக் கூடவேண்டும். வேளை தவறாமல் அவர்களை எழுப்பும் தேவை, ஐரோப்பாவில் எந்திரக் கடிகாரத்துக்கு வழி திறந்த காரணங்களில் ஒன்று. இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் 1386-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. இரும்புச் சட்டம், பல்சக்கரங்கள், கயிற்றில் தொங்கும் கற்கள் எல்லாம் உண்டு. முகப்பும் முள்ளும் மட்டும் கிடையாது. அதைப் பார்த்து மணி தெரிந்துகொள்ள முடியாது. அது மணி அடிக்கும், ஊர் கேட்கும்.

தமிழிலும் காலம் முதலில் காதுக்குத்தான் வந்தது. நீர் சொட்டும் வட்டிலைக் கவனித்திருந்து, கழிந்த பொழுதை அரசனுக்கு எடுத்துச் சொன்ன நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. கோயிலில் ஆறு கால பூசைக்கு மணி. பள்ளிவாசலில் ஐந்து வேளை பாங்கு. மாதா கோயிலில் மூவேளை மணி. ஆகவே, அழைக்கப்படுவது மனிதனுக்குப் புதிதல்ல, இழிவும் அல்ல. அழைப்பு இல்லாமல் வழிபாடே இல்லை.

அப்படியானால் எது மாறியது? கோயில் மணி ஊர் முழுவதற்கும் பொது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். அது எதற்காக அடிக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். அடித்து முடித்தால் அடுத்த வேளைவரை ஓய்ந்திருக்கும். மணிக்கட்டின் அதிர்வு ஒருவருக்கு மட்டுமே தெரியும். தொழுகையும் தள்ளுபடி விற்பனையும், மகளின் காய்ச்சலும் கிரிக்கெட் ஸ்கோரும் தோலில் ஏறக்குறைய ஒரே தொடுதலாக வந்து விழுகின்றன. எது பெரிது, எது சிறிது என்று பிரித்தறியும் சுமையை அது ஒவ்வொரு முறையும் மனத்தின்மேல் வைக்கிறது. பிரித்தறிய வேண்டுமானால் முதலில் கவனத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தபின், அற்பச் செய்திதான் என்று தெரிந்தாலும், கொடுத்தது திரும்பி வருவதில்லை.

யூதர்கள் இந்தக் கேள்வியை இன்னும் நுணுக்கமாகச் சந்தித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இரவில் முடியும். அந்நாளில் செய்யக்கூடாத வேலைகளை யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா 39 வகையாகப் பட்டியலிடுகிறது. மரபைக் கடைப்பிடிப்போர் அன்று மின்விளக்கைப் போடுவதுமில்லை, அணைப்பதுமில்லை. நின்றுபோன வாட்ச்சுக்குச் சாவி கொடுத்து ஓட வைப்பது அன்று கூடாது. ஆனால் கை அசைவிலேயே சுற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கட்டிக்கொள்ளலாம் என்று யூத மதகுருக்களான ரப்பிகள் பலர் அனுமதித்தார்கள். கட்டியவர் புதிதாக எதையும் தொடங்கவில்லையே என்பது வாதம்.

ஸ்மார்ட்வாட்ச்சோ கையைத் தூக்கினாலே ஒளிர்கிறது. நடந்தால் அடியை எண்ணுகிறது. உட்கார்ந்தால் அதையும் குறித்துக்கொள்கிறது. தூங்கினால் தூக்கத்தை அளக்கிறது. கட்டியவர் சும்மா இருந்தாலும் அவர் உடம்பு பதிவுகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. மரபுவழி யூதர்கள் வெள்ளி மாலையில் அதைக் கழற்றி வைப்பதற்குச் சட்டக் காரணம் மின்சாரம். ஆனால் அந்தச் சட்டம் காக்க நினைப்பது அதைவிடப் பெரியது: ஒரு மனிதன் எந்தக் கணக்கிலும் ஏறாமல், எதையும் விளைவிக்காமல், வெறுமனே உயிரோடு இருக்கும் ஒரு நாள். யூதரல்லாதவருக்கும் அப்படி ஒரு பொழுது தேவைப்படுகிறது.

உடம்பைக் கவனிப்பது தவறு என்று இதற்குப் பொருளல்ல. தமிழ் மண்ணில் அப்படி யாரும் சொல்லவும் முடியாது. சித்த வைத்தியர் கட்டைவிரலின் அடிப்பக்கத்துக்குக் கீழே மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்த்தது இதே மணிக்கட்டில்தான். ஸ்மார்ட்வாட்ச் அதற்கு நேர்ப் பின்புறத்தில் உட்கார்ந்து பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்புகிறது. இரத்தம் பச்சையை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பு கணக்கிடப்படுகிறது. யோக மரபு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கு வைத்தது. நாழிகைக்கு 360, நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவம் ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லும் 12 முதல் 20 என்ற அளவுக்குள் அது பொருந்துகிறது.

ஆனால் யோகி மூச்சை எண்ணியது எண் கிடைப்பதற்காக அல்ல. எண்ணும்போது மனம் மூச்சின்மேல் நிற்கும். அப்படி நிற்பதே பயிற்சி. கருவி எண்ணிக் கொடுக்கும்போது எண் கைக்கு வருகிறது, நிற்றல் வருவதில்லை. வைத்தியரின் விரலுக்கடியில் இருந்ததும் வெறும் துடிப்பு அல்ல, ‘ராத்திரி தூங்கினீர்களா?’ என்று கேட்கும் ஒரு மனிதர் அங்கே இருந்தார்.

எண் மனிதனை ஆளத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு மருத்துவ இதழில் புதிய பெயர் ஒன்றை முன்வைத்தார்கள்: ஆர்த்தோசோம்னியா. தூக்கத்தை அளக்கும் கருவி காட்டும் எண்ணைச் சரிசெய்யும் கவலையிலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வோருக்கு இட்ட பெயர் அது. ஆய்வுக்கூடச் சோதனை நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாலும், கையில் கட்டிய கருவி சொன்னதையே நம்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள். தினமும் 10,000 அடி என்ற இலக்கும் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளக்கும் கருவியின் பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி மானி என்பது அதன் பொருள். ஒரு சரக்கின் பெயராக வந்த எண், அரை நூற்றாண்டு கழித்து ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, அம்பத்தூரில் மாலை நடை போகிறவரை ‘இன்னும் 800 பாக்கி’ என்று தெருமுனையிலிருந்து திருப்பி அனுப்புகிறது.

இருந்தாலும், மறுபக்கம் கனமானது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கு தவறித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியலாம். ஆப்பிள் நிறுவனமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் 4,19,297 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. 2,161 பேருக்கு ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது. அதாவது 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு. பிறகு ஒரு வாரம்வரை நெஞ்சில் ஒட்டிய இ.சி.ஜி. பட்டையைத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு அந்தக் கோளாறு உறுதியானது. விட்டு விட்டு வரும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு அது இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2018-இல் வந்த ஆப்பிள் வாட்ச், கட்டியவர் கீழே விழுந்து அசையாமல் கிடந்தால் உதவிக்கு அழைக்கும் வசதியையும் கொண்டுவந்தது. தனியாக இருக்கும் 75 வயது அம்மா குளியலறையில் வழுக்கி விழும் வீட்டில், முள் வாட்ச்சின் மௌனத்தைப் புகழ்ந்து பேச யாருக்கும் மனம் வராது. ஓய்வு நாளை அத்தனை கவனத்தோடு காக்கும் யூத மரபும், உயிருக்கு ஆபத்து என்றால் அந்நாளின் சட்டத்தை மீறியே ஆகவேண்டும் என்கிறது.

ஆக, வேறுபாடு பழமைக்கும் புதுமைக்கும் நடுவில் இல்லை. எந்த அழைப்புக்கு மணிக்கட்டைத் திறந்து வைப்பது என்பதில் இருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். காந்திக்குக் காலம் தவறாமை கிட்டத்தட்ட ஒரு விரதம். மாலைப் பிரார்த்தனை ஐந்து மணிக்கு. அன்று வல்லபபாய் படேலோடு பேச்சு நீண்டுகொண்டே போனது. நேருவுக்கும் படேலுக்கும் இடையே வளர்ந்திருந்த விரிசலைப் பற்றிய பேச்சு அது. காந்தியைக் கவனித்துக்கொண்டவர்கள் உறவுப் பெண்களான ஆபாவும் மனுவும். இடையில் நுழையத் தயங்கிய ஆபா, பொறுக்க முடியாமல், காந்தியின் பாக்கெட் வாட்ச்சை எடுத்து அவர் பார்க்கும்படி காட்டினார். கிளம்பும்போது பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. உங்கள் வாட்ச் இன்று ஏங்கிப்போயிருக்கும், அதை நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை என்று ஆபா கேலி செய்ய, நேரம் சொல்ல நீங்கள் இருவரும் இருக்கும்போது நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். பிரார்த்தனைக்குத் தாமதமானது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். மனுவின் தோளிலும் ஆபாவின் தோளிலும் கைவைத்தபடி நடந்த அந்தக் கடைசி நடையில் பேசப்பட்டவை இவை.

நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைத்த ஒருவர், இரண்டு மனிதர்களைச் சேர்த்துவைக்கும் பேச்சில் வாட்ச்சை மறந்திருந்தார். வாட்ச் அதற்கு இடம் கொடுத்தது. அழைத்தவர் அவர் முகம் அறிந்த ஒரு பெண். எப்போது காத்திருப்பது, எப்போது குறுக்கிடுவது என்று தவித்துத் தவித்து முடிவெடுத்தவர். அந்தத் தவிப்பு எந்தச் சில்லிலும் இல்லை.

இதய நோய் இருப்பவரும், தனியே வாழும் முதியவரும் ஸ்மார்ட்வாட்ச்சைத் தயங்காமல் கட்டிக்கொள்ளலாம். உயிர்காக்கும் எச்சரிக்கைகளை வைத்துக்கொண்டு மற்ற அழைப்புகளை அடைத்துவிடலாம். அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. அப்படி ஒரு தேவை இல்லாதவருக்கு முள் வாட்ச்சே நல்ல துணை. வேளைக்கு எழுப்ப ஒரு மணி வேண்டும் என்பவர், அந்த ஒரு மணியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

பள்ளிவாசலில் இதற்கான பழக்கம் முன்பே இருக்கிறது. ஒளு செய்யும்போது கழுவும் உறுப்புகளின் தோலில் எங்கும் தண்ணீர் படவேண்டும் என்பதால் பலர் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்; முடிந்ததும் மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். விடியற்காலையில் அதிர்வு உணர்ந்து எழுந்தவரும் மறுநாள் குழாயடியில் குந்தி அதைக் கழற்றுகிறார். பட்டை இருந்த இடத்தில் வெளுத்த வளையம். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. இந்த முறை அவர் அதை மறுபடி கட்டவில்லை. உள்ளே சுவரில் ஐந்து வேளைத் தொழுகை நேரமும் எழுதிய பலகை, அதன்மேல் ஒரு சாதாரணக் கடிகாரம். ஜமாஅத் என்னும் கூட்டுத் தொழுகைக்கு இன்னும் நான்கு நிமிடம். ஈரம் காயாத மணிக்கட்டோடு அவர் வரிசையில் போய் நிற்கிறார்.