மணியின் தட்டு

போன வருடப் புரட்டாசியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஓர் எல்லைத் தகராறு நடந்தது. கீழே அம்மாவின் தயிர், கீரை, சாமிக்கு வாங்கிய துளசி. மேலே ஃப்ரீஸரில் ஐந்து கிலோ கோழிக் கழுத்தும் ஈரலும். மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத அம்மா, தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எனக்கில்லம்மா, மணிக்கு" என்பேன். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

மணி எங்கள் தாமானின் சாக்கடை ஓரத்தில் கிடைத்த குட்டி. இப்போது ஏழு வயது, 15 கிலோ. அம்மா போட்ட சோற்றில்தான் வளர்ந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அம்மா. அங்கே நாய்க்கென்று தனியாக உலை வைத்த வீடு கிடையாது. மிஞ்சிய சோறு, குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர், நெத்திலித் தலை. அதுதான் நாயின் சாப்பாடு.

எனக்கு அது போதவில்லை. நாய் என்பது வீட்டுக்குள் வந்துவிட்ட ஓநாய், பச்சை இறைச்சியும் எலும்புமே அதன் உணவு என்ற கருத்தைப் படித்திருந்தேன். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்கர்ஸ்ட் 1993இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு பரவலான கருத்து அது. பின்னால் வந்தவர்கள் விகிதமும் சொன்னார்கள்: நூற்றுக்கு 80 பங்கு தசை, 10 எலும்பு, 10 உள்ளுறுப்பு. பொறியியல் படித்தவனிடம் விகிதத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? உடல் எடையில் இரண்டரை சதவீதம், ஒரு நாளைக்கு 375 கிராம். எக்செல்லில் அட்டவணை போட்டேன். மணியின் தட்டில் சோறு விழக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"நாங்க தீவாளிக்குத் தீவாளிதான் கோழி பாத்தோம்" என்றார். அதைப் பொறாமை என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான்கு மாதம் நன்றாகத்தான் போனது. ஐந்தாவது மாதம், அதே புரட்டாசியில், மணி இரண்டு நாளாக வெளிக்குப் போகாமல் முதுகை வளைத்து முக்கிக்கொண்டே நின்றது. முதலில் பார்த்தது அம்மாதான். நான் அப்போது அட்டவணையில் ஈரலின் அளவைத் திருத்திக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயில் குடலின் கடைசிப் பகுதி முழுக்க எலும்புத்தூள், சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. "ஓநாய்கள் எலும்பைத் தின்னுமே டாக்டர்?" என்றேன். "தின்னும். காட்டில் அதற்கு இப்படி ஆனால் செத்துப்போகும், அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பதிலைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். 'இயற்கை' என்று சொல்லும்போது அதில் ஒரு கருணையும் இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். குட்டி போட்டு இனம் தழைத்தால் போதும், இந்த ஒரு நாய் பதினைந்து வயது வரை வலியில்லாமல் வாழ வேண்டும் என்ற அக்கறை இயற்கைக்குக் கிடையாது. அந்த அக்கறை நம்முடையது. அதற்கான விடையைப் போய் இயற்கையிடம் கேட்டால்?

அதோடு, மணி ஓநாயும் இல்லை. 2013இல் 'நேச்சர்' இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். மனிதனின் சோற்றுப் பானை நாயின் உடம்புக்குள் எழுதப்பட்டுவிட்டது. நம் பக்கத்தில் இருப்பதுதான் அதன் இயற்கை. நான் வாங்கிய கோழியும் பண்ணையில் அடைபட்டு வளர்ந்து, பிளாஸ்டிக் தட்டில் வந்ததுதானே. அதில் எந்தக் காடு இருந்தது?

ஆனால் அம்மாவின் பழக்கம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. குழம்பில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு ஊசியாய் உடைந்து குடலைக் கிழிக்கும். இத்தனை வருடம் மணிக்கு ஒன்றும் ஆகாதது எங்கள் அதிர்ஷ்டம். 'அந்தக் காலத்தில் இப்படித்தான் வளர்த்தோம்' என்பதும் 'இது இயற்கையானது' என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எதிரே நிற்கும் உயிரைப் பார்க்க வேண்டிய கடமையிலிருந்து நமக்கு லீவு கொடுத்துவிடுகின்றன.

ஒரு வாரத்துக்குச் சோறும் எலும்பில்லாத வேகவைத்த கோழியும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அடுப்படியில் கோழி வேகும் வாசம். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அம்மா கிண்டிக்கொண்டிருந்தார். தனிச் சட்டி, தனிக் கரண்டி, உப்பில்லை, வெங்காயமில்லை.

"புரட்டாசியாச்சேம்மா, நான் செய்ய மாட்டேனா?"

"விரதம் எனக்குத்தான்டா. அதுக்கு என்ன?"

அம்மா தன் விரதத்தைத் தன் தட்டோடு வைத்திருந்தார். நான்தான் என் விரதத்தை மணியின் தட்டில் போட்டேன். சுத்தமாக, கலப்படமில்லாமல், ஆதியில் இருந்ததைப் போல வாழ வேண்டும் என்பது என் ஆசை. அலுவலக கேன்டீனில் பொரித்த மீ தின்றுகொண்டே அந்த ஆசையை, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒரு ஜீவனை வைத்து நிறைவேற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது மணிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த உலர் தீவனம் பாதி, சோறும் கோழியும் பாதி. எக்செல்லை அழிக்கவில்லை, ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: 'இன்று எப்படி இருந்தது?' அதை நிரப்ப, தினமும் அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.