அடுப்படியில் அகிம்சை

உணவை வேக வைத்து உண்பது அகிம்சையா, இம்சையா? எளிய வினாவாகத் தோன்றினும், நம் இல்லங்களில் நாள்தோறும் அடுப்பு மூட்டப்படும் போதெல்லாம் எழ வேண்டிய வினா இது.

நீரையும் நெருப்பையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது நம் நெறி. உலை வைக்கும்போதே அவற்றிற்கு ஊறு நேர்கிறது. ஆயினும் நம் துறவியர் காய்ச்சிய நீரையே ஏற்கின்றனர். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டகம் இல்லறத்தார்க்கு வகுத்த 11 படிகளுள் ஐந்தாவது சசித்தத் தியாகம். காய், கனி, கிழங்கு, விதை முதலியவற்றைப் பச்சையாக உண்ணாமையே அது. ஊறு செய்யும் செயல் நோன்பாவது எங்ஙனம்?

காய்ச்சாத நீரில் உயிர்கள் ஓயாது தோன்றி மடிகின்றன என்றும், காய்ச்சிய நீரில் ஒரு கால எல்லை வரை அத்தோற்றம் நிற்கிறது என்றும் பெரியோர் விடை கூறுவர். இவ்விடையோடு நாம் நின்றுவிடின், எதையும் வேக வைத்துவிட்டால் குற்றமில்லை என்ற தவறான முடிவுக்கே வருவோம்.

இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுப்பர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்பியை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். சமைத்தல், பெருக்குதல், நீர் இறைத்தல் போன்ற இல்லப் பணிகளில் நேரும் ஆரம்பியை அவனால் முற்றிலும் விலக்க இயலாது, குறைக்க இயலும். ஆகவே சமைத்தல் புண்ணியச் செயலன்று. வாழ்வின் பொருட்டு நமக்கு அளிக்கப்பட்ட சலுகை. சலுகையை அளவோடு கொள்வதில்தான் அறம் இருக்கிறது.

அவ்வாறாயின் தீயே மூட்டாமல் பச்சையாக உண்பது மேலன்றோ எனச் சிலர் வினவக்கூடும். கண்ட பொருளைக் கண்டவுடன் வாயில் இடுவதே நாவின் இயல்பு. வேக வைத்தே உண்பேன் என்ற உறுதி, வேட்கைக்கும் வாய்க்கும் இடையே ஒரு தடையை வைக்கிறது. அத்தடையில் சிந்தனைக்கு இடமுண்டு. பசிக்கிறதா, நாக்கு கேட்கிறதா என ஆராயும் அச்சிறு பொழுதே நோன்பின் உயிர் என்பது நம் கருத்து.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மில் பல. மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ வாழினும், எளிய உணவு நமக்கு எட்டாததன்று. மயிலைத் தெற்கு மாட வீதியில் அவரையும் புடலையும் பீர்க்கும் கிடைக்கின்றன. பயறு வேக வைத்தால் சுண்டல். அரிசி மாவு பிசைந்தால் இடியாப்பம், கொழுக்கட்டை. இரவு முழுதும் புளித்த மாவைத் தவிர்க்கும் நோன்பினர்க்கும் இவை ஏற்றவை.

இங்கு அறிவியல் ஒன்றையும் நினைவிற் கொள்ளலாம். திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியபின் அதன் வெப்பம் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறுவதில்லை. தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஆவிதான் மிகும். காய் விரைந்து வேகாது. கொதி வந்தவுடன் தீயைத் தணிப்பவர் எரிபொருளை மட்டுமன்றி ஆரம்பி இம்சையையும் குறைக்கிறார். காய் வெந்த நீரில் கரைந்த சத்துகள் உண்டு. அதைக் கொட்டாமல் இரசத்திற்கோ குழம்பிற்கோ பயன்படுத்துவதும் அவ்வகையினதே. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது சென்னைவாசிகள் குடம் குடமாக நீரை எண்ணிச் செலவிட்டனர். இல்லாமை கற்பித்த அவ்வளவை, இருக்கும்போதும் தாமே மேற்கொள்வதுதான் விரதம்.

இதற்கு மாறாக, நம் விருந்துகள் சிலவற்றைக் காண்க. வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை. ஆனால் எண்ணெய்ச் சட்டி இறங்குவதேயில்லை. இலையில் பாதி எறியப்படுகிறது. விதியின் எழுத்து காக்கப்பட்டது. நாவின் வேட்கையோ சிறிதும் அடங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சென்னையில் நவம்பர் இறுதியில் கதிரவன் மாலை 5.40 மணியளவில் மறைகிறான். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியளவில். இரவு உண்ணாமையைக் காக்கும் மூத்தோர்க்கு அதற்கு முன் ஒரு சமையல், விளக்கு வைத்தபின் திரும்புவோர்க்கு மற்றொரு சமையல் என இருமுறை அடுப்பின் முன் நிற்பவர் யார்? பெரும்பாலும் அலுவலகம் சென்று வந்த இல்லத்தரசியே. நோன்பு ஒருவருடையது, களைப்பு மற்றொருவருடையது என்றால், அந்நோன்பில் கருணை எங்கே? ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் நம் அருகிலேயே வருந்த, ஓரறிவுயிரின் பொருட்டு மட்டும் இரங்குவது முறையாகுமா?

இதற்கு விடையும் எளிய உணவிலேயே இருக்கிறது. பயற்றை ஊற வைத்து வேக வைக்கவோ, காயை நறுக்கி ஆவியில் வைக்கவோ பெருந்திறன் வேண்டியதில்லை. நோன்பு கொண்டவர், ஆணாயினும் பெண்ணாயினும், தம் கையாலேயே அதைச் செய்துகொள்ளலாம். பணிக்குச் செல்வோர் சிறு பாத்திரத்தில் எடுத்துச் சென்று, கதிர் மறையுமுன் அங்கேயே உண்ணலாம். வீட்டினர் யாவரும் அவ்வெளிய உணவையே ஏற்பின், இரண்டாம் அடுப்பே தேவையில்லை.

வேக வைத்தலால் உணவு நோன்பிற்கு உரியதாகலாம். உண்பவர் நோன்பிற்கு உரியவராவது அளவாலும், பிறர் சுமையைத் தாம் ஏற்பதாலுமே. எவ்வளவு, எதற்காக, யார் கையால் என்னும் மூன்று வினாக்களையும் உலை வைக்கும்போதெல்லாம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.