சமன் செய்தலும் சத்தியமும்

அணுக்கருச் சமன்பாட்டைச் சமன் செய்தல் பள்ளி இயற்பியலில் எளிய பயிற்சி. யுரேனியம் 238 ஓர் ஆல்பா துகளை வெளியிட்டுத் தோரியம் 234 ஆகிறது. நிறை எண்ணில் 234உம் 4உம் சேர்ந்து 238. அணு எண்ணில் 90உம் 2உம் சேர்ந்து 92. ஓரிடம் வெற்றாக விடப்பட்டிருப்பின், மாணவர் கழித்துப் பார்த்து அதனை நிரப்பிவிடுகிறார்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. பொய்க்கணக்கு எழுதுபவனும் இதனையே அன்றோ செய்கிறான்? குறையும் தொகையைக் கழித்தறிந்து, 'இதரச் செலவு' என்று ஒரு வரி எழுதி ஏட்டைச் சமன் செய்கிறான். இவ்விருவர் செயலுக்கும் வேறுபாடு யாது?

பீட்டா சிதைவின் வரலாறு இதற்கு விடை தருகிறது. கார்பன் 14 ஓர் எலக்ட்ரானை வெளியிட்டு நைட்ரஜன் 14 ஆகிறது. நிறை எண் இருபுறமும் 14. அணு எண் ஒருபுறம் 6. மறுபுறம் நைட்ரஜனின் 7உம் எலக்ட்ரானின் −1உம் சேர்ந்து அதே 6. கூட்டலில் பிழையில்லை. ஆயினும், பீட்டா சிதைவில் எலக்ட்ரான்கள் ஒரே அளவு ஆற்றலுடன் வெளிப்படுவதில்லை என்பதை 1914இல் சாட்விக் கண்டறிந்தார். வெளிப்பட வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு கணக்கில் வரவில்லை. ஆற்றல் அழியா விதியே இங்குப் பொருந்தாதோ என நீல்ஸ் போர் கருதினார். வுல்ஃப்காங் பவுலியோ, மின்னூட்டமற்ற, அதுவரை எவரும் கண்டிராத ஒரு துகள் அப்பங்கைக் கொண்டு செல்லலாம் என்று 1930 டிசம்பரில் ஒரு மடலில் எழுதினார்.

பவுலி செய்ததும் கழித்து நிரப்பியதே. ஆனால் அதனை அவர் முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. துகளின் இயல்பு இன்னதாக இருக்கலாம் எனக் கூறி, ஆராய்ந்து தீர்ப்பளிக்குமாறு ஆய்வாளரை வேண்டினார். 1956இல் ரெய்ன்ஸ், கோவன் ஆகிய இருவர் அணு உலையொன்றின் அருகே நடத்திய சோதனையில் நியூட்ரினோ வகைத் துகளின் இருப்பை மெய்ப்பித்தனர்.

பொய்க்கணக்கன் எழுதும் வரி, மேலும் எவரும் வினவாதிருத்தற்பொருட்டு எழுதப்படுவது. பவுலி எழுதிய வரி பிறரை வினவ அழைத்தது. பொய்யாயின் பொய்யென்று வெளிப்படவும் இடம் தந்தது. வேறுபாடு இதுவே.

இன்னுமொன்று நினைக்கத்தக்கது. அத்துகளின் நிறை எண்ணும் சுழி, மின்னூட்டமும் சுழி. ஆகவே அதனை எழுதாது விட்டாலும் மாணவரின் இரு கூட்டல்களும் சரியாகவே நிற்கும். எண்கள் ஒத்து வருதல் உண்மைக்கு இன்றியமையாதது. ஆயினும் அதுவே முழு உண்மை ஆகிவிடாது.

ஆதலின் பெற்றோர்களே, பிள்ளை விடையை நிரப்பியதும் சரிக்குறி இட்டு நிறுத்திவிடாதீர்கள். "நீ எழுதிய இதனை எவ்வாறு சோதிப்பாய்?" என்றும் வினவுங்கள். அவ்வினாவுக்கு அஞ்சாது நிற்கப் பழகும் பிள்ளை, நாளை எந்தக் கணக்கேட்டின் முன்பும் அஞ்சாது நிற்கும்.