தப்பி வந்தவனுக்காக ஒரு பொய்

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். ஊரிலேயே அட்வான்ஸ் வாங்கிவிட்டதால், கணக்குத் தீரும்வரை சூளையை விட்டு நகரக்கூடாது என்று தடுத்து வைக்கப்படுகிறவர்களும் அவர்களில் உண்டு. 2011இல் இம்மாவட்டச் சூளையொன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர்.

அப்படித் தடுத்து வைக்கப்பட்ட ஒருவன் இரவோடு இரவாகத் தப்பி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வேலைக்குப் போகும் ஊர்க்காரனின் வாடகை அறையில் ஒளிந்துகொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்குள் சூளை மேஸ்திரி நாலு பேரோடு வந்து கதவைத் தட்டுகிறார். "அவன் இங்க வந்தானா?" வாய் திறக்காமல் நின்றால் அதுவே பதிலாகிவிடும். "வரலை" என்று சொல்வது அறமா?

கடமையே அறம் என்ற இம்மானுவேல் காண்ட், 1797இல் எழுதிய கட்டுரையில், கொலைகாரனே வந்து கேட்டாலும் பொய் கூடாது என்றார். பொய், மனிதர்களுக்கிடையிலான எல்லா ஒப்பந்தங்களின் அடித்தளத்தையும் அரிக்கும் என்பது அவர் வாதம். உண்மையைக் கேட்க உரிமை உள்ளவரிடம்தான் உண்மை பேசும் கடமை உண்டு என்ற சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்டின் கருத்தை அவர் ஏற்கவில்லை.

காண்டின் கவலை நியாயமானது, முடிவுதான் தவறு. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றவரும் அவரே. மேஸ்திரிக்கு உண்மையைச் சொல்பவர், தப்பியவனை மறுபடி கருவியாக்கும் வேலைக்குத் தானும் கருவியாகிறார். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. செல்லாத கடனுக்கு ஆள் தேடுபவருக்கு, ஆள் இருக்கும் இடத்தைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வரும்? கடமைகள் மோதும்போது கனமானதே முன்னிற்கும் என்று 1930இல் தத்துவவாதி டபிள்யூ. டி. ராஸ் காட்டிய வழியும் இதுதான். குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையோடு வைத்தெண்ணிய வள்ளுவரும் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையைக் கைவிடவில்லை.

அந்த நிபந்தனையை விட்டால் எல்லாப் பொய்யும் நியாயமாகிவிடும். விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் "எல்லாரும் விருப்பப்பட்டுத்தான் வேலை செய்கிறார்கள்" என்று சூளைக்காரர் சொல்வதும், ஆலை விபத்தை மறைக்கச் சக தொழிலாளி பொய்ச்சாட்சி சொல்வதும் யாரையோ காப்பாற்றத்தான். ஆனால் அங்கே கேட்பவருக்கு உரிமை இருக்கிறது. பொய்யின் விலையைப் பாதிக்கப்பட்டவர் கொடுக்கிறார்.

ஆகவே பொய் அனுமதிக்கப்படுவது கொடுமை செய்ய வந்தவரிடம் மட்டுமே, அதுவும் மௌனத்தால் காப்பாற்ற முடியாத இடத்தில் மட்டுமே. அதோடு கடமை முடிவதில்லை. மேஸ்திரியிடம் மறைத்ததைக் கோட்டாட்சியரிடம் ஒன்றுவிடாமல் சொல்லி, தப்பியவனுக்கு விடுதலைச் சான்றிதழும் சூளையில் மிஞ்சியவர்களுக்கு மீட்பும் கிடைக்கச் செய்ய வேண்டும். அந்த உண்மையைச் சொல்லத் துணியாதவருக்கு, முதலில் சொன்ன பொய்யை அறம் என்று அழைக்கும் தகுதி இல்லை.