சமநோக்கு

உழைப்பாளியின் உருவத்தை எவ்வாறு தீட்டுதல் அறம்? பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சித்திரக்காரர் பலர், சீட்டாடும் குடியானவரைக் குடிகாரராகவும் கலகக்காரராகவும் தீட்டி நகைத்தனர். பின்வந்தோர் சிலர் அவர்தம் வறுமையைத் தீட்டி இரங்கினர். இகழ்ச்சி வேறு, இரக்கம் வேறு. ஆயினும் இரண்டும் மேட்டில் நின்று பள்ளத்தை நோக்கும் பார்வையே என்போம்.

பிரெஞ்சு ஓவியர் போல் செசான் (1839–1906) வங்கி முதலாளியின் புதல்வர். 1890களில் தம் குடும்பப் பண்ணையில் உழைத்தோர் சிலரை எதிரே இருத்திச் ‘சீட்டாடுவோர்’ என்னும் ஐந்து சித்திரங்களைத் தீட்டினார். அவற்றுள் மூன்றில் இருவரே உளர். ஆங்கே சண்டையில்லை, கண்ணீருமில்லை. கோட்டும் தொப்பியும் அணிந்த அவ்விருவரும் சீட்டில் கருத்தூன்றித் தூண்போல் அமர்ந்திருக்கின்றனர்.

முகத்தில் உணர்ச்சியில்லை, மனிதனை மலைபோலவும் ஆப்பிள் பழம்போலவும் தீட்டிவிட்டார் எனக் குறை கூறுவார் உளர். மெய்தான். ஆனால் மலையையும் பழத்தையும் அவர் ஆண்டுக்கணக்காய் ஊன்றி நோக்கியவரன்றோ? அந்தப் பொறுமையையே பண்ணையாளுக்கும் அளித்தார். அதனினும் உயர்ந்த மரியாதை யாது?

உழைப்பாளியைச் செக்ரோலில் ஒரு பெயராகக் காண்டல் எளிது; எதிரே ஒரு மனிதனாகக் காண்டலே அரிது. அதற்குத் தூரிகை வேண்டுவதில்லை. நேர்கொண்ட பார்வையே போதும்.