மூவாயிரம் மடங்கு வேகமும் பூசலார் கட்டிய கோயிலும்

 

உங்களில் 2000-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்க நியாயமில்லை. முதலில் டெலிபோனின் 'ங்ங்' என்ற ஒலி. பிறகு எண்களைத் தட்டுகிற டிக்டிக். அந்தப் பக்கம் மணி அடிக்கும். யாரோ எடுத்தது போல இருக்கும், எடுத்ததும் நீளமாக ஒரு விசில். அதற்குப் பிறகு தகரத்தை மணலில் போட்டு இழுத்த மாதிரி கிர்ர்ர், ஷ்ஷ்ஷ் என்று அரை நிமிடம். அப்புறம் திடீரென்று அமைதி. அந்த அமைதி வந்துவிட்டால் இணையம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் நாட்டில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங்தான் முதலில் வந்தது. 1996-இல் டிஎம்நெட் வந்தது. அந்தக் காலத்து மோடத்தின் வேகம் 28.8, பிறகு 33.6, 1998-க்குப் பிறகு 56 கிலோபிட். இது பெட்டியின் மேல் எழுதியிருந்த கணக்கு. பழைய செப்புக் கம்பியில், மழை பெய்து கொண்டிருக்கும் பேராக் மாலை நேரத்தில், அதில் பாதி கிடைத்தால் பெரிய விஷயம். இடி இடித்தால் மோடத்தின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் மறு வேலை. இல்லையென்றால் பெட்டி கருகிவிடும். இன்று உங்கள் வீட்டில் 100 மெகாபிட் லைன் இருந்தால், அது 33.6-ஐ விட ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு வேகம். இந்த மூவாயிரம் என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். போன மாதம் நம் திருமுறை வகுப்பு முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் கேட்டார். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர், பொறுப்பான பையன். "அண்ணே, இந்தப் பதிகம் எல்லாம் யூடியூப்ல இருக்கு. ஓதுவார் எங்களை விட நல்லா பாடுறாரு. அப்புறம் எதுக்கு நாங்க வெள்ளிக்கிழமை வந்து தப்புத் தப்பா பாடணும்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்கள் போன பிறகு, அவரே இன்னொன்றும் சொன்னார்: "உண்மையைச் சொன்னா, உட்கார்ந்தா ரெண்டு நிமிஷத்துக்கு மேல மனசு நிக்கல அண்ணே. கை தானா போனைத் தேடுது. எனக்கெல்லாம் பக்தி வராது போல."

முதல் கேள்விக்குக்கூட அவசரமில்லை. இரண்டாவதை அப்படியே விட முடியாது. தனக்குப் பக்தி வராது என்று ஒரு இளைஞன் முடிவு கட்டிவிட்டால், அவன் வகுப்புக்கு வருவதை மட்டுமா நிறுத்துவான்? வகுப்பில் முன்பு முப்பது பேர் உட்கார்ந்த பாயில் இப்போது பன்னிரண்டு பேர். போனவர்கள் எல்லாரும் சாமி இல்லை என்று சொல்லிவிட்டா போனார்கள்? பாதிப் பேர் இந்தத் தம்பி நினைத்ததைத்தான் நினைத்திருப்பார்கள் என்பது என் அனுமானம்.

அந்த அரை நிமிடக் கூச்சலில் என்ன நடக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நீள விசில் இருக்கிறதே, 2100 ஹெர்ட்ஸ் ஒலி, அது மோடம் தன் ஜோடியிடம் மட்டும் பேசுவதில்லை. டெலிபோன் கட்டமைப்பைப் பார்த்து, எதிரொலியை அடக்குவதற்காக நடுவில் வைத்திருக்கும் கருவிகளை ஒதுங்கி நிற்கச் சொல்கிறது. மனிதப் பேச்சுக்கு வைத்த ஏற்பாடு இந்தப் பேச்சுக்கு ஒத்துவராது. அடுத்து, இரண்டு மோடமும் அந்தக் கம்பியைச் சோதிக்கும். எந்த ஒலி தெளிவாகப் போகிறது, எங்கே இரைச்சல் இருக்கிறது, இன்றைக்கு இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று. அதற்கு ஏற்ற வேகத்தை ஒத்துக்கொண்ட பிறகுதான் வேலை ஆரம்பமாகும். நம் காதுக்கு அது வெறும் சத்தம். உள்ளே நடப்பது விசாரணை.

நடுவில் இரைச்சல் கூடினால்? நல்ல மோடம் உடனே போனை வைத்துவிடாது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் கம்பியை மறுபடி சோதித்து, மறுபடி ஒத்துப்போய், விட்ட இடத்திலிருந்து தொடரும். 33.6-இல் ஆரம்பித்தது 19.2-க்கு இறங்கும். ஆனால் தொடர்பு இருக்கும்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் மனசு நிற்கவில்லை என்றார் தம்பி. இதே புகாரை அவருக்கு முன்னாலேயே ஒருவர் கண்ணன் முன்னால் வைத்திருக்கிறார். பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன், மனசை அடக்குவது காற்றைப் பிடிப்பது போல இருக்கிறதே என்று முறையிடுகிறான். கண்ணன் திட்டவில்லை. உனக்குப் பக்தி போதாது என்றும் சொல்லவில்லை. நீ சொல்வது சரிதான், கஷ்டம்தான் என்று முதலில் ஒத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் பழக்கத்தைப் பற்றியும் பற்றின்மையைப் பற்றியும் பேசுகிறார். ஆக, இரண்டு நிமிடத்தில் மனசு ஓடுவது பக்தி இல்லாததற்கு அடையாளம் இல்லை தம்பி. கம்பியில் இரைச்சல், அவ்வளவுதான். எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறீர்கள், இரைச்சல் இல்லாமல் எப்படி இருக்கும்? வேகத்தைக் குறையுங்கள். ஒரு பதிகம் முடியவில்லையா, ஒரு பாட்டு. ஒரு பாட்டும் முடியவில்லையா, ஐந்தெழுத்து. போனை மட்டும் வைத்துவிடாதீர்கள். (நான் சொல்வது சாமியிடம் பேசுகிற போனை. கையில் இருப்பதைத் தாராளமாக வைத்துவிடலாம்.)

இப்போது முதல் கேள்வி. எல்லாம் யூடியூப்பில் இருக்கும்போது நாம் ஏன் பாட வேண்டும்?

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் ஆரம்பமானது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் நம் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டி இணையத்தில் ஏற்றினார்கள். அப்போது யூனிகோட் எல்லாம் நடைமுறைக்கு வரவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருளும் அதற்குரிய எழுத்துருவும் கணினியில் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லையென்றால் கோழி கிண்டிய மாதிரி ஐரோப்பிய எழுத்தாகத் திரை முழுக்கக் கிடக்கும். திருவாசகம் கண் முன்னால்தான் இருக்கிறது, வாசிக்கத்தான் முடியவில்லை. எங்களுக்கு எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் தமிழ் வாத்தியார். நாங்கள் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். எங்கள் லயத்தில் டெலிபோனே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சுங்காய்ப் பட்டணத்துக்கு வந்து, தாமானில் இருந்த அவர் வீட்டுக் கணினி முன்னால் ஐந்து பேர் உட்காருவோம். நிமிடத்துக்குக் காசு. அதனால் பக்கத்தை இறக்கியதும் தொடர்பைத் துண்டித்துவிட்டு, திரையைப் பார்த்து நோட்டில் எழுதுவோம். அச்சடிக்கும் மை விலை அப்படி.

அந்த வீட்டுக்கு ஒரு நாள் என் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பால்மரம் வெட்டியே முதுகு வளைந்தவர். சிதம்பரம் போக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர், போனதில்லை. வாத்தியார் ஒரு நடராசர் படத்தைத் திறந்தார். அரை மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அன்றைய லைனுக்கு நாலு நிமிடம்.

அந்தக் காலத்துப் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் திருவாசியின் நெருப்பு. பிறகு சடை. நெற்றி. நாங்கள் பையன்கள் பொறுமை இல்லாமல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தோம். ஆயா அசையவில்லை. "பால் இறங்குற மாதிரி இறங்குதுடா" என்றார். விடியும் முன்னால் மரத்தைச் சீவிவிட்டு, சொட்டுச் சொட்டாக மங்கு நிறையும் வரை காத்திருந்து, வெயில் ஏறிய பிறகு பால் எடுத்தவருக்கு நாலு நிமிடம் ஒரு நேரமா? முகம் வந்ததும் கையைக் கூப்பினார். டமருகம் வந்தது, அபய கரம் வந்தது, இடுப்பு வரை வந்தது. உள் அறையில் யாரோ போனைத் தூக்க, தொடர்பு அறுந்தது. படம் இடுப்போடு நின்றுவிட்டது.

வாத்தியார் சங்கடப்பட்டார். ஆயா கேட்டது ஒன்றுதான்: "தூக்கிய பாதம் வரலையே வாத்தியாரய்யா?" மறுபடி போட்டார். மறுபடி அந்தச் சத்தம், மறுபடி நெருப்பு, சடை, நெற்றி. இந்த முறை பாதம் வரை வந்தது, பாதத்துக்குக் கீழே முயலகனும் வந்தான். ஆயா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே படம் இன்று என் கைப்பேசியில் விரல் வைத்ததும் வருகிறது. இதுவரை எத்தனை முறை பாதம் வரை பார்த்திருப்பேன் என்று யோசித்தால், பதில் சொல்ல வெட்கமாக இல்லை, யோசனையாக இருக்கிறது.

பெரியபுராணத்தில் பூசலார் நாயனாரை உங்களுக்குத் தெரியும். திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் பணமில்லை, தேடியும் கிடைக்கவில்லை. மனசிலேயே கட்ட ஆரம்பித்தார். சேக்கிழார் அதை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். மனசுக்குள்ளேயே பொருள் சேர்க்கிறார், தச்சர்களைச் சேர்க்கிறார், நல்ல நாள் பார்க்கிறார், இரவும் தூங்காமல் வேலை நடக்கிறது. அடித்தளம், மேல் வரிசை, விமானம், சிகரம். கிணறு வெட்டுகிறார், மதில் எடுக்கிறார், குளம் தோண்டுகிறார். பல நாள் ஆகிறது. கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். மன்னன் கனவில் இறைவன் வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார்.

எல்லாப் பிரசங்கத்திலும் மன்னனைப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கிணறுதான் வியப்பு. மனசுக்கு என்ன வேகம் தெரியுமா? எந்த ஃபைபர் லைனும் பக்கத்தில் வர முடியாது. சிதம்பரம் என்று நினைத்தால் சிதம்பரம். பூசலார் நினைத்திருந்தால் ஒரு நொடியில் கோபுரத்தோடு முழுக்கோயிலை நிறுத்தியிருக்கலாம். செலவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆனாலும் கல் கல்லாக வைத்தார். யார் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள், அந்தக் கிணற்றையும் விடவில்லை. வேகம் கையில் இருந்தும் நிதானமாகக் கட்டியவர் அவர். நாங்கள் அன்று மெதுவாகப் பார்த்தது வேறு வழி இல்லாமல். உங்களுக்கு இன்று வழி இருக்கிறது, அதனால் நீங்கள் நிதானமாகப் படித்தால் அது பூசலார் பக்கத்தில் வருகிறது, எங்கள் பக்கத்தில் இல்லை.

யூடியூப்பில் இருக்கும் பதிகம் மன்னன் கட்டிய கோயில் மாதிரி. அழகுதான், கும்பிட வேண்டியதுதான். நீங்கள் தப்புத் தப்பாகப் பாடுவது, திருத்திப் பாடுவது, பக்கத்தில் இருப்பவர் திருத்திவிடுவது, அது உள்ளே வைக்கிற கல்.

மூவாயிரம் என்றேன் அல்லவா? திருமூலர் திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் யோகத்தில் இருந்து, ஓர் ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் ஆண்டு பாடினார் என்பது நம் மரபு. நம் லைனின் வேகம் மூவாயிரம் மடங்கு ஏறிவிட்டது. அவர் பாட்டு ஒன்றைப் படிக்க நமக்கு ஒரு வாரம்கூட வேண்டாமா?

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெதுவான லைன் புண்ணியம், பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சபாவில் ஒரு மாணவி லைன் தேடி மரத்தில் ஏறித் தங்கித் தேர்வு எழுதியதை எல்லாரும் படித்தோம். நம் பக்கத்துத் தோட்டங்களிலும் ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் பாடம் படித்தார்கள். அந்தப் பிள்ளையிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது பாவம். அவர்களுக்கு வேண்டியது லைன். நிதானம் என்பது நாம் நமக்குச் செய்துகொள்வது, அடுத்தவர் மேல் ஏற்றுவது இல்லை. அதனால் ஆலய மண்டபத்தில் வைஃபை போடலாம் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். மாலை நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து வீட்டுப்பாடம் செய்யட்டும். மாதக் கட்டணத்துக்கு உபயம் செய்ய விரும்புகிறவர்கள் என்னைப் பாருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை வகுப்பில் சிவபுராணம். மொத்தம் 95 அடிதான். ஒருவர் ஓர் அடி, எல்லாரும் திருப்பிச் சொல்வது, அர்த்தம் புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்பது என்று வைத்திருக்கிறோம், அன்றைக்கு முடியாவிட்டால் மறு வெள்ளி தொடரும். கைப்பேசி கொண்டுவரலாம், எழுத்து அதில்தான் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து தாமதமாக வருகிறவர்கள் அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளலாம். ஏழரைக்கு ஆரம்பம், பசியாறவும் ஏற்பாடு உண்டு.