எந்த நாட்டில் இவள் மனைவி?

சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் பருவம் வந்துவிட்டால், மலையகத்து ஆசிரியர்களாகிய நாம் பாடநூலைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுப் பத்திரம் படிப்பவர்களாய் மாறிவிடுகிறோம். பெயரில் எழுத்துப் பிழை உண்டா, அடையாள அட்டை வந்ததா, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்டுக்கேட்டு வாய் வலித்துவிடும். ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் அந்தப் பத்திரத்தை மழை படாதவாறு பொலித்தீன் உறையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். அவ்வாறு கொணர்ந்த மாணவி ஒருத்தி, மேசைமீது அதை விரித்து ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"சேர், இதுல அப்பாவும் அம்மாவும் கல்யாணம் கட்டலேன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுல கல்யாணப் போட்டோவே மாட்டியிருக்கே சேர்!"

'பெற்றார் விவாகஞ் செய்தவர்களா?' என்னும் வினாவுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது. யாரோ ஒரு பதிவுகாரரின் நல்ல கையெழுத்து.

மலையகத்தில் இது புதுமை அன்று. மாரியம்மன் கோயிலில் லயத்து மக்கள் அனைவரும் கூடியிருக்கத் தாலி கட்டியவர்கள் எத்தனையோ பேர், அரைநாட் சம்பளத்தை இழந்து பட்டணத்துக்குப் போய்ப் பதிவு செய்ய இயலாமையால் பத்திரத்தில் மணமாகாதவர்களாய் நிற்கிறார்கள். பதிவேடு விவாகத்துக்குச் சிறந்த சான்றே ஒழிய ஒரே சான்று அன்று என்பதும், வழக்காற்றுப்படி நிகழ்ந்த மணத்தை இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன என்பதும் உண்மை. ஆயினும் பிறப்பைப் பதியச் செல்லும் தொழிலாளியின் கையில் நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதில்லை. அவர் கேட்கப்படுவது ஒன்றே: விவாகப் பத்திரம் எங்கே? இந்த விளக்கத்தைச் சொல்லி மாணவியைத் தேற்றி அனுப்பினோம்.

மறுநாள் அவளுடைய தாய் வந்தார். கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த நெற்றி. நாம் கூறிய விளக்கத்தைப் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அது இல்ல சேர். பதியத்தான் போனோம். பதிய ஏலாதுன்னுட்டாங்க. அவரு எனக்குத் தாய்மாமன்" என்றார்.

இங்கேதான் எம் அறிவு தடுக்கிற்று. அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது துறையூர், முசிறி, நாமக்கல் பக்கங்களிலிருந்து எம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த வழக்கங்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பர். மைத்துன முறையோடு நின்றுவிடுவது அவர்கள் வழக்கம். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் விலக்கப்பட்ட உறவுகளை வரையறுத்துவிட்டு, வழக்காறு அனுமதித்தால் அந்த விலக்குப் பொருந்தாது என்றும் கூறுகிறது. இலங்கையின் பொது விவாகச் சட்டமோ 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. உடன்பிறந்தாளின் மகளை மணத்தல் அதன்படி செல்லாது. பதிவு இல்லாத மணத்தைப் பின்னொரு நாள் பதியலாம். செல்லாத மணத்தைப் பதிய வழியே இல்லை. ஆகவே பாக்கு நீரிணையின் அக்கரையில் சட்டபூர்வ மனைவி, இக்கரையில் எவளும் அல்லள்! இத்தனைக்கும் இத்தீவில் குடும்பச் சட்டம் ஒன்றல்ல: கண்டிச் சிங்களவர்க்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, யாழ்ப்பாணத்தாரின் சொத்துரிமைக்குத் தேசவழமை. தோட்டத் தமிழர்க்கென்று தனிச்சட்டம் எதனையும் எவரும் எழுதவில்லை. உரோமன்-டச்சு மரபும் ஆங்கிலேயர் ஒழுக்கமும் கலந்த பொதுச் சட்டத்தின் கீழ் எம்மவர் வந்து விழுந்தனர்.

கொழும்பில் சட்டம் பயிலும் எம் பழைய மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்தச் சங்கதியை அவளிடம் சொன்னோம். அவள் கண்கள் ஒளிர்ந்தன. "சேர், இதைத்தான் நாங்கள் படிக்கிறோம். நாடுகளின் குடும்பச் சட்டங்களை ஒன்றோடொன்று இசைவிப்பது எப்படி என்பது ஒரு தனிப் பாடம்" என்றாள். மணத்தின் சடங்கு அது நிகழ்ந்த இடத்துச் சட்டத்தையும், மணப்பதற்கான தகுதி அவரவர் நிலையாகக் குடியிருக்கும் நாட்டின் சட்டத்தையும் பொறுத்தவை என்பது நெடுங்காலப் பொதுவிதியாம். அதனால் இவர்கள் கப்பலேறித் துறையூருக்குப் போய்த் தாலி கட்டியிருந்தாலும் பயன் இருந்திராது. வேடிக்கை என்னவெனில், கெய்ரோவில் குடியிருந்த யூதர்கள் இருவர், மாமனும் மருமகளும், தம் மதச் சட்டப்படி அங்கே செய்துகொண்ட மணத்தை இங்கிலாந்து நீதிமன்றம் 1960களில் செல்லுபடியாகும் என்று ஏற்றதாம். இலண்டன் நீதிபதி கெய்ரோத் தம்பதியை ஏற்றுக்கொண்டார். இலண்டனார் விட்டுச்சென்ற சட்டமோ ஹட்டன் தம்பதியை இன்றும் ஏற்கவில்லை.

ஹேக் நகரில் 1893ஆம் ஆண்டு முதல் இந்த இசைவுக்காகவே மாநாடு கூடிவருவதை அவள் விவரித்தாள். ஒரு பெற்றோர் மற்றவரறியாமல் நாடுகடத்திக் கொண்டுபோன பிள்ளையை மீட்பதற்கான 1980ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை 2001இல் சேர்ந்துவிட்டது, இந்தியா சேரவில்லை. உலகின் எல்லா நாடுகளும் ஒரே குடும்பச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டால் துன்பம் தீரும் என்பது அவளது இளமையின் நம்பிக்கை. அதை நாம் பரிகசிக்கவில்லை. ஆயின் ஒரு வினா எம்முள் எழுந்தது. இசைவிப்பது சரி, எதை எதனோடு? இலங்கைச் சட்டம் இந்தியச் சட்டத்தின் பக்கம் சாய வேண்டுமா, அன்றி இந்தியா தன் வழக்காற்று விலக்கைக் கைவிட வேண்டுமா?

முற்போக்காளர் என்று எம்மை அழைத்துக்கொள்ளும் நாம் இங்கே அவசரப்பட்டு வழக்காற்றின் பக்கம் நின்றுவிடக் கூடாது. 'எம் மக்களின் பண்பாடு' என்று முழங்குவது எளிது. அந்தத் தாயிடம் நாம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டோம்: திருமணத்தின்போது உங்கள் விருப்பத்தை யாராவது கேட்டார்களா? அவர் சிரித்தார். "நான் பெரிய மனுசியான அன்னைக்கே மாமன்தான் குடிசை கட்டினாரு. அப்பவே முடிஞ்சிபோச்சு. பொறகு யாரு சேர் கேப்பா?" அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை; கணவர் நல்லவர் என்றே சொன்னார். ஆயினும் கூரைத்தகரத்தில் மழை விழும் ஓசையிடையே அந்தச் சிரிப்பு எம்மை நெடுநேரம் உறுத்திற்று. பதினான்கு வயதில் ஒரு பெண்ணின் வாழ்வை அவளுக்குப் பதிலாக முடிவுசெய்யும் உறவுமுறையை, இரத்த உறவு மணத்தால் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய நோய்களை அறிந்த பின்னரும், பண்பாடு என்ற போர்வையால் மூட எம்மால் இயலாது.

அப்படியாயின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமானதா? அதுவும் இல்லை. அந்தச் சட்டமும் அவளைக் கேட்கவில்லை. வழக்காறு அவளைக் கேளாமல் மனைவியாக்கிற்று. சட்டம் அவளைக் கேளாமல் மனைவி அல்லள் என்றது. இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே அவள் இருபது ஆண்டுகள் சமைத்தாள், கொழுந்து பறித்தாள், பிள்ளை பெற்றாள்.

இரண்டு வினாக்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்றே தோன்றுகிறது. இத்தகைய மணம் இனி நிகழ வேண்டுமா என்பது ஒன்று. நிகழ்ந்துவிட்ட மணத்தை நம்பி வாழ்ந்தவர்களை என்ன செய்வது என்பது மற்றொன்று. முன்னதற்கு 'வேண்டாம்' என்று விடையளிப்பவர், பின்னதற்கு 'தள்ளிவிடு' என்று கூறவேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? இந்தியச் சட்டம் இங்கே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளையும் சட்டபூர்வப் பிள்ளையே என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கிற்று. அத்தகைய பிள்ளைக்குப் பெற்றோரின் பங்கில் உரிமை உண்டென்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் மீண்டும் உறுதிசெய்தது. குற்றம் மணத்தினுடையதாயின் தண்டனை பிள்ளைக்கு ஏன் என்ற எளிய அறம் அது. இலங்கையிலோ அத்தகைய பிள்ளைக்குத் தாயின் சொத்தில் வாரிசுரிமை உண்டு, தந்தையினுடையதில் இல்லை. தந்தையிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரலாம், அவ்வளவே. எம் சட்ட மாணவி இசைவைத் தேட விரும்பினால் இங்கிருந்து தொடங்கட்டும்.

பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியம் பயின்றபோது ஒரு செய்தி எம் மனத்தில் தைத்தது. பொய்யும் பிறழ்வும் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று அந்நூல் சொல்லும். அஃதாவது, சடங்கு பெண்ணின் காவலுக்காக வந்தது. 'இவளை நான் அறியேன்' என்று ஆண்மகன் கைவிரிப்பதைத் தடுக்க வந்தது. பதிவேட்டின் நோக்கமும் அதுவே. தமிழ்நாட்டில் அண்ணாதுரை அரசு 1967இல் கொணர்ந்த திருத்தம் புரோகிதர் இல்லாமலே மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் மணத்தைச் செல்லுபடியாக்கிற்று. அங்கும் சட்டம் மக்கள் உண்மையில் வாழும் வகையை நோக்கி ஓரடி இறங்கி வந்தது. பொய்யைத் தடுக்க வந்த ஏடே ஒரு பிள்ளையின் பிறப்பைப் பற்றிப் பொய் சொல்லுமானால், அந்த ஏட்டை எந்தக் கரணத்தால் திருத்துவது?

நாடுகள் இசைந்தால் நன்மை விளையும் என்று நம்புவோர்க்கு எம் வரலாற்றில் இரு பாடங்கள் உள. எம்மைக் குறித்து இரண்டு அரசுகள் ஒருமுறை முற்றாக இசைந்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர். நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாய்ப் பிரித்தனர். கணக்கில் பிழையே இல்லை. அந்த மேசையில் தோட்டத் தொழிலாளி ஒருவரும் இல்லை என்பதும், எண்ணப்பட்டவை தலைகளே அன்றிக் குடும்பங்கள் அல்ல என்பதும்தான் பிழை. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மகனோடு போவதா மகளோடு இருப்பதா என்று தெரியாத கிழவி. ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலை எம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தது அலங்காரத்துக்காக அன்று.

அதற்கு முன்னரும் குடும்பமே சோதனைக் கருவியாய் இருந்தது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் மணமானவரிடம் 7 ஆண்டு வதிவையும் மணமாகாதவரிடம் 10 ஆண்டு வதிவையும் கேட்டது. மனைவியும் சிறுபிள்ளைகளும் இடையறாது இங்கே வாழ்ந்தார்களா என்றும் கேட்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி அங்கே நெடுநாள் தங்கிவிட்டால், அவள் கணவன் இந்நாட்டவன் என்ற உரிமை ஆட்டங்கண்டது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. சரியாக 25 நாட்களின் பின் பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை, குடும்பம் சமுதாயத்தின் அடிப்படை அலகு, அரசின் பாதுகாப்புக்கு உரியது என்று பிரகடனம் செய்தது. மலைநாட்டு லயங்களில் அந்தச் செய்தியை வாசித்தவர் எத்தனை பேரோ! அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், வமிசவழிப் பிரஜாவுரிமை தந்தையின் வழியே மட்டும் வந்தது. தாயின் வழியும் வரலாம் என்று திருத்த 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

மற்றப் பாடம் இதனினும் கசப்பானது. 1980களில் இலங்கையின் ஏழைத் தாய்மாரின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். பிறப்புப் பத்திரம், நீதிமன்றக் கட்டளை, கடவுச்சீட்டு ஆகிய எல்லாம் ஒழுங்காய் இருந்தன; இரு நாடுகளின் ஏடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பின்னர் விசாரித்தபோது, நீதிமன்றத்தில் தாயென்று நின்ற பெண்களுள் கூலிக்குத் தாயாக நடித்தவர்களும் இருந்தது வெளிப்பட்டது. பெற்ற தாயைத் தேடி நடுவயதில் இங்கே வருபவர்கள் அந்தப் பத்திரத்தைக் கையில் ஏந்தியே வருகிறார்கள். அது அவர்களை எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை. தத்தெடுப்புப் பற்றிய ஹேக் உடன்படிக்கை 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அதை உறுதிப்படுத்திய முதல் மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நல்லதே. என்றாலும் 2021இல் நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அங்கே ஏடு இசைந்தது, குடும்பம் பொய். எம் மாணவியின் லயத்தறையில் குடும்பம் மெய், ஏடுதான் இசையவில்லை.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். அந்த 'இல்லை' பரீட்சைக்குத் தடையன்று. ஆயின் இரு வாரங்கள் கழித்து அவளுடைய தந்தையும் பாடசாலைக்கு வந்தார். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளரின் பெயர் கொடுக்கும் படிவம் அவர் கையில் இருந்தது. தமக்கு ஏதும் நேர்ந்தால் பணம் மனைவிக்குச் சேரவேண்டும் என்பது அவர் கவலை. பெயரை எழுதினோம். அடுத்த கட்டத்தில் 'உறவுமுறை' என்றிருந்தது. எழுதுகோலை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தோம். 'மனைவி' என்று எழுதினால் விவாகப் பத்திரம் கேட்பார்களா என்று அவர் கேட்டார். கேட்கக்கூடும் என்றோம். அவர் சற்றுநேரம் சாளரத்துக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா மகள்னு போடுங்க சேர்" என்றார். "அதுக்குப் பத்திரம் இருக்கு."